குழி வெட்டியவர் போனபின் குழிக்கு ஜவாப்தாரி யார்?

திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குச் செல்லும் பெருஞ்சாலை கடையநல்லூரின் நடுவே போகிறது. இரவு நேரத்தில் அச்சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்றிருப்பவருக்கு, நம் ஜில்லாவின் குன்றுகள் எந்தத் திசையில் பயணமாகின்றன என்பதைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. தார்ப்பாய் போர்த்திய டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்காசியையும் செங்கோட்டையையும் கடந்து, புளியரைச் சோதனைச் சாவடியில் நடைச்சீட்டைக் காட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாயில் ஏறி மறைகின்றன. கருங்கல்லாகவும், ஜல்லியாகவும், கல்லை அரைத்தெடுத்த எம்-சாண்டாகவும் நம் நாட்டுப் பாறை மலைக்கு அப்பால் போய் வீடாகிறது, சாலையாகிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கடலலையைத் தடுக்கும் சுவருக்கும் தமிழ்நாட்டுக் கல் போயிருக்கிறது. இந்த லாரிகளைப் பற்றி மேடைகளிலும் சட்டசபையிலும் வேண்டிய மட்டும் பேசியாயிற்று, இனியும் பேசுவார்கள். நாம் இன்று எடுத்துக்கொள்ளும் விஷயம் போன கல்லைப் பற்றியதன்று. கல் போன இடத்தில் தங்கிவிட்ட குழியைப் பற்றியது.

கல் உள்ளவரையில் குவாரிக்கு எஜமானர்கள் பலர் உண்டு. குத்தகைதாரர் இருப்பார், அவரிடம் உள்குத்தகை எடுத்தவர் இருப்பார், பட்டா நிலமாயின் பட்டாதாரர் இருப்பார், நடைச்சீட்டு கொடுக்கும் சுரங்க இலாகா இருக்கும், சீனியரேஜ் என்னும் கனிமத் தீர்வையை வாங்கி வைக்கும் கஜானா இருக்கும். கல் தீர்ந்த மறுநாள் இத்தனை பேரில் ஒருவரையும் காண முடிவதில்லை. கம்ப்ரசரும் கிரஷரும் வேறு கிராமத்துக்குப் போய்விடுகின்றன. குத்தகைக் காலம் முடிந்ததென்று தஸ்தாவேஜில் ஒரு வரி எழுதப்படுகிறது. மிஞ்சுவது நூறடி, இருநூறடி ஆழமுள்ள ஒரு பள்ளமும், அதன் விளிம்பில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பெண்கள் சொல்வார்களே, அந்தக் கணக்குத்தான். நெய் வழித்தாயிற்று, பாத்திரத்தைக் கழுவ மட்டும் ஆளில்லை.

குழி இருந்தால் என்ன, மழைநீர் தங்குமே என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. சென்னைப் பட்டணம் 2017ஆம் ஆண்டு தண்ணீருக்குத் தவித்தபொழுது, மாங்காட்டுக்கு அருகில் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளிலிருந்துதான் நீரை இறைத்துச் சுத்தம் செய்து நகரவாசிகளுக்குக் கொடுத்தார்கள். 2019ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அக்குட்டைகளே உதவின. ஆகவே, கைவிட்ட குழி ஒரு நாளும் பயன்படாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சிக்கராயபுரத்தில் நீரைச் சோதித்தார்கள், குழாய் போட்டார்கள், பம்பு வைத்தார்கள், அதற்கென ஓர் இலாகா பொறுப்பேற்றது. பொறுப்பேற்க ஒருவர் வந்ததால் குழி குளமாயிற்று. வராத இடத்தில் அது குழியாகவே கிடக்கிறது.

குளத்துக்கும் குழிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடையநல்லூர்க் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பாநதியின் நீரைக் குளம் குளமாகத் தேக்கி நெல் விளைவித்து வரும் பூமி அது. நம் முன்னோர் வெட்டிய குளத்துக்குச் சரிவான கரை உண்டு, படித்துறை உண்டு, மடை உண்டு, மறுகால் உண்டு. உள்ளே இறங்கின குழந்தை நடந்து வெளியே வந்துவிடும். குவாரிப் பள்ளத்துக்கோ நான்கு புறமும் செங்குத்தான பாறைச் சுவரே கரை. நீரின் மேல்மட்டம் அமைதியாகத் தோன்றும்; முதல் அடி வைத்த இடத்திலேயே ஐம்பதடி ஆழம் இருக்கலாம். குளிக்க இறங்கியவன் நீந்தத் தெரிந்தவனாயிருந்தாலும் பற்றி ஏறப் பிடிமானம் கிடையாது. கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் கல்குவாரி நீரில் மூழ்கி மாண்டார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாமும் அச்சிடுகிறோம், வாசகர்களும் படித்துப் பரிதாபப்படுகிறார்கள், அடுத்த கோடையும் வருகிறது.

வெளியில் தெரியாத தீங்கு ஒன்று உண்டு. நம் பிரதேசத்துப் பூமி கெட்டிப் பாறை. நிலத்தடி நீர் மணலில் ஊறுவதுபோல் இங்கே எங்கும் பரவி நிற்பதில்லை. பாறையின் வெடிப்புகளிலும் இடுக்குகளிலும்தான் ஓடிக் கிணறுகளுக்கு வந்து சேருகிறது. அக்கிணறுகளைவிட ஆழமாகப் பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டினால், வெடிப்பு வழியாக நீர் பள்ளத்துக்குப் போகிறது. வேலை நடக்கும்வரை அதைப் பம்பு வைத்து வெளியே இறைத்து விடுகிறார்கள். சுற்றிலும் உள்ள கிணறுகள் வற்றுகின்றன. வேலை நின்றபின் பள்ளம் நிறைகிறது. அப்பொழுது அதில் விழும் குப்பையும் கழிவும் அதே வெடிப்புகள் வழியாகத் திரும்பிக் கிணற்றுக்கு வருகின்றன. கைவிட்ட குழியை ஊர்க் குப்பை கொட்டி நிரப்பிவிடலாம் என்று சிக்கன யோசனை சொல்லும் முனிசிபல் கனவான்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குப்பையைப் பற்றிச் சொல்லும்பொழுது ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2024 டிசம்பரில், திருநெல்வேலிக்கு அருகே கோடகநல்லூர் முதலிய இடங்களில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகளை வெட்டவெளியிலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கொட்டியவர்களே அள்ள வேண்டும் என்று கேரள சர்க்காருக்குக் கெடு வைத்தது. சில நாட்களுக்குள் அங்கிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து, கழிவை அள்ளி ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். மலைக்கு மேற்கே கல்லைக் கொண்டுபோன அதே சாதி லாரிகள் அன்று குப்பையைக் கொண்டுபோயின! ஜவாப்தாரி இன்னார் என்று பெயர் சொல்லி, நாள் குறித்து, மேலே ஒரு நீதிஸ்தலமும் கண்காணித்தால், துப்புரவு வாரக் கணக்கில் முடிகிறது. குவாரிக் குழிகளின் விஷயத்தில் குறைவுபடுவது இதுவே.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பெரிய மனிதனுக்கு ஒரு விதமும் சிறிய மனிதனுக்கு ஒரு விதமுமாக இருக்கிறது. இரும்பு, சுண்ணாம்புக் கல் முதலிய பெருங்கனிமங்களின் சுரங்கங்களுக்கு மத்திய சர்க்காரின் விதிகள் உண்டு. வெட்டும்போதே எப்படி மூடப்போகிறோம் என்ற திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மூடுவதற்கு உத்தரவாதமாக முன்கூட்டியே பணம் கட்டி வைக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இயந்திரங்கள் கொண்டு நடத்தும் முதல் வகைச் சுரங்கங்களுக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 5 லட்ச ரூபாயும், இரண்டாம் வகைக்கு 3 லட்ச ரூபாயும் ஜாமீன். முன்பு இது 3 லட்சமும் 2 லட்சமுமாக இருந்தது. இத்தொகை போதுமா என்பது வேறு விவாதம். கருங்கல், ஜல்லி, கிராவல், மணல் ஆகியவை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறுகனிமங்கள். மேற்படி மத்திய விதிகள் இவற்றுக்குப் பொருந்தா. இவை மாகாண சர்க்காரின் கையில் விடப்பட்டுள்ளன. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகள் அமலில் உள்ளன. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் கூடாது என்பது போன்ற நல்ல நிபந்தனைகள் அவற்றில் இருக்கின்றன. பெயரளவில் சிறுகனிமம், குழியின் அளவில் சிறியது ஒன்றுமில்லை.

இந்தச் சிறுமை எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதற்குச் சுப்ரீம் கோர்ட்டே சாட்சி. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்றொரு சௌகரியம் முன்னே இருந்தது. உடனே பெரிய நிலங்கள் எல்லாம் ஐந்துக்குக் குறைவான துண்டுகளாகப் பிரிந்தன. 2012 பிப்ரவரி 27ஆம் தேதி, தீபக் குமார் என்பவர் தொடுத்த ஹரியானா வழக்கில், இந்தக் கதவை நீதிபதிகள் அடைத்தார்கள். 2020 ஜனவரி 8ஆம் தேதி வேறொரு வழக்கில், சுரங்கம் முடிந்த நிலத்தில் மறுபடியும் புல்லும் செடியும் வளரும்படி குத்தகைதாரரே செய்து கொடுக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டார்கள். கால்நடைகளுக்குத் தீவனம் கிடைக்க வேண்டும் என்ற கருணை அத்தீர்ப்பில் இருக்கிறது. இருநூறடிப் பாறைக் கிணற்றின் அடியில் எந்த மாடு இறங்கி மேயும் என்று நம் குடியானவன் கேட்டால், அது நீதிபதிகளின் குற்றமன்று.

உயிரோடு இருக்கும் குவாரியையே சரிவரக் கண்காணிக்காத இடத்தில், இறந்த குவாரியை யார் கண்காணிப்பார்கள்? 2022 மே 14ஆம் தேதி இரவு, பாளையங்கோட்டையை அடுத்த அடைமிதிப்பான்குளம் குவாரியில் சுமார் முந்நூறடிப் பள்ளத்தில் பாறை சரிந்தது. ஆறு தொழிலாளிகள் சிக்கினார்கள், நால்வர் மாண்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தும், மேலும் மேலும் கல் உருண்டதால், உடல்களை எடுக்க நாட்கள் ஆயின. 2025 மே 20ஆம் தேதி சிவகங்கை ஜில்லா மல்லாக்கோட்டையில் அதே கோரம். அங்கும் ஐந்துக்குக் குறையாத உயிர்கள் போயின. பாறையைப் படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும் என்பது சுரங்க வேலையின் பாலபாடம். படி விட்டு வெட்டினால் கல் சிறிது மிஞ்சிப் போகும். அந்தச் சிறிதையும் விட மனமில்லாமல் சுவராக வெட்டுகிறார்கள். இவ்வாறு வெட்டிய பள்ளத்தைப் பின்னால் சீர்திருத்துவதும் இயலாத காரியம். படி விட்டு வெட்டிய குழியில் மண் போட்டு மரம் நடலாம்; செங்குத்துச் சுவரில் என்ன நடுவது? வெட்டும்பொழுது செய்த மிச்சமே மூடும்பொழுது செலவாக வந்து நிற்கிறது. அச்செலவு மட்டும் வெட்டியவர் கணக்கில் ஏறுவதில்லை.

மதுரை ஜில்லா மேலூர்ப் பக்கத்தின் கதை இன்னும் விசித்திரமானது. கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேட்டால் சர்க்காருக்கு 16,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று 2012இல் கலெக்டராயிருந்த ஸ்ரீ சகாயத்தின் அறிக்கை சொல்லிற்று. குவாரிகள் நின்றன. 2014இல் ஹைகோர்ட் அவரையே விசாரணைக் கமிஷனராக நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை சமர்ப்பித்தார். வழக்குகள் ஓடின. குழிகளும் அடுக்கிய கற்களும் அப்படியே கிடந்தன. வழக்கு நடக்கும்வரை கல் சாட்சிப் பொருள். குழியும் சாட்சிப் பொருள் போலும். திருடியவன் யார் என்ற விசாரணை முடியும்வரை கதவைத் திறந்தே போட்டிருப்பதற்கு ஒப்பான ஏற்பாடு இது. குற்றத்துக்குத் தண்டனை வேறு, குழிக்கு வேலி வேறு என்பதை நம் அதிகாரிகள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

நிற்க. குவாரி முதலாளிகளைத் திட்டிவிட்டால் மட்டும் நியாயம் முடிந்துவிடாது. தனி முதலாளி போய் சர்க்காரே முதலாளியான இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு, தமிழ்த் தொழிலாளர் ரத்தம் சிந்திய கோலார் தங்கவயலைப் பார்க்க வேண்டும். 1880 முதல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலக் கம்பெனி அங்கே தோண்டிற்று. வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாகப் போய், மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், உடல் வேகும் வெப்பத்தில் தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். லாபம் கடல் கடந்தது. 1956இல் மைசூர் சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய சர்க்கார் ஏற்றது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் பொதுத்துறைக் கம்பெனி ஆயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கலந்து அரைத்த கழிவு மண், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன், மலை மலையாக ஊரை ஒட்டி நின்றது. காற்றுக் காலத்தில் அந்த மண் வீடுகளுக்குள் பறந்து வந்து சோற்றில் விழுகிறதென்று அங்குள்ள நம்மவர் சொல்லிச் சொல்லி அலுத்தார்கள். டெய்லர் கம்பெனியைக் கேட்டால் 1956ஐக் காட்டலாம். மைசூரைக் கேட்டால் டெல்லியைக் காட்டலாம். டெல்லியைக் கேட்டால் கம்பெனி மூடியாயிற்று என்று சொல்லலாம். மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், 2024இல் 13 கழிவு மேடுகளை ஏலம் விடும் யோசனைக்குக் கர்நாடக மந்திரி சபை சம்மதித்தது. மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது என்பதே காரணம். அந்தக் கொஞ்சமும் இல்லாதிருந்தால் மேட்டைத் திரும்பிப் பார்க்க யார் இருந்திருப்பார்கள்?

அந்நியர் தங்கள் சொந்த ஜனங்களையாவது நன்றாக நடத்தினார்களா என்று கேட்பவர்களுக்கு வேல்ஸ் நாட்டு அபர்வான் கிராமம் பதில் சொல்லும். அங்கே நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் குன்றின்மேல், நீரூற்று இருந்த இடத்தில் குவித்து வந்தார்கள். 1966 அக்டோபர் 21ஆம் தேதி காலை, அக்குவியல் மழையில் ஊறிச் சரிந்து, கீழேயிருந்த பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். சுரங்கங்களை நடத்தியது தனியார் அல்லர். சர்க்காரின் தேசிய நிலக்கரி போர்டு. குற்றம் போர்டினுடையதே என்று விசாரணை முடிவு சொல்லிற்று. மிஞ்சியிருந்த மற்றக் குவியல்களை அகற்றுங்கள் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மன்றாடினார்கள். 1968இல் அகற்ற ஏற்பாடாயிற்று. ஆனால் அதற்காக 1,50,000 பவுனை, உலகத்தார் அக்கிராமத்துக்கு அனுப்பியிருந்த தர்ம நிதியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்! பிள்ளையைப் புதைத்த தாயின் மடியிலிருந்து கூலி வாங்கிக்கொண்டு மண்ணை அள்ளினார்கள் என்பதே இதன் பொருள். அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க பிரிட்டிஷ் சர்க்காருக்கு 1997வரை ஆயிற்று, வட்டியும் கொடுக்கவில்லை.

ஜவாப்தாரியை முன்னதாக நிர்ணயிக்காவிட்டால், கடைசியில் செலவு அடிபட்டவன் தலையிலேயே வந்து விழும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. அமெரிக்கா 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறொரு வழி கண்டது. இனித் தோண்டுகிறவர் மூடுவதற்கு ஜாமீன் கட்ட வேண்டும். ஏற்கனவே கைவிட்டுப் போனவர்களின் குழிகளுக்காக, இன்று நிலக்கரி எடுக்கும் ஒவ்வொருவரும் டன்னுக்கு இத்தனை சென்ட் என்று ஒரு நிதியில் செலுத்த வேண்டும். திறந்த சுரங்கக் கரிக்கு 35 சென்ட், ஆழச் சுரங்கக் கரிக்கு 15 சென்ட் என்று ஆரம்பத்தில் விதித்தார்கள். முன்னவன் செய்ததற்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கரி முதலாளிகள் கேட்கலாம். ஊர்க்காரன் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

நம் நாட்டிலும் இப்படியொரு நிதிக்குப் பஞ்சமில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி ஜில்லாதோறும் கனிம நிதி அறக்கட்டளை ஏற்பட்டது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்கும் இடங்களுக்கும் செலவிடுவதே அதன் நோக்கம் என்று சட்டமே சொல்கிறது. குடிநீர், வைத்தியம், கல்வி முதலியவற்றுக்கு அதில் பங்கு உண்டு, அவை வேண்டியவையே. ஆனால் குழியாலேயே வந்த பணத்தில் முதல் பங்கு குழிக்கு வேலி போடவும், கரையைச் சரிவாக்கவும், படி வெட்டவும் போக வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். கருங்கல் குழியை முழுவதும் நிரப்புவது ஆகாத காரியம் என்பதை நாம் அறிவோம். வெளியே போன பாறை திரும்பி வராது, நிரப்ப மேல்மண்ணும் அங்கே இராது. வேலி, எச்சரிக்கைப் பலகை, ஒரு பக்கமாவது மனிதன் ஏறி வரத்தக்க சரிவு, விளிம்பைச் சுற்றி மரம், நீர்ச் சோதனை, குப்பை கொட்டுவோருக்குத் தடை என்ற இவ்வளவு போதும். இதற்கு விஞ்ஞானிகளை அழைக்க வேண்டியதில்லை. புதிய குத்தகைகளிலோ, மூடும் செலவைக் கணக்கிட்டு முதல் வெடி வைக்கும் முன்பே கஜானாவில் வாங்கிவிட வேண்டும். குழியைக் கலெக்டர் நேரில் பார்த்துச் சரி என்று எழுதிய பிறகே அதைத் திருப்பித் தர வேண்டும். ஒரு குழியை மூடாதவருக்கு, அவர் பெயரிலோ மனைவி மக்கள் பெயரிலோ, அடுத்த குழிக்கு அனுமதி கூடாது.

உரிமையாளர் யாரென்றே தெரியாத பழைய குழிகளுக்கு ஜவாப்தாரி சர்க்காரே. இதில் நமக்குத் தயக்கமில்லை. குத்தகைதாரர் மறைந்திருக்கலாம், ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் தீர்வை வாங்கிய கஜானா மறையவில்லை. வாங்கிய கை கொடுக்கக் கடமைப்பட்டது. வெள்ளைக்கார சர்க்காரைக் கேட்க முடியாதிருந்த கேள்வியை, நம் வோட்டினால் ஏற்பட்ட சர்க்காரைக் கேட்கக் கூசுவானேன்?

தென்காசி தனி ஜில்லாவாகி 2019 நவம்பர் 22ஆம் தேதி முதல் கணக்குத் தனியாயிற்று. எத்தனை குழிகள், எந்தக் கிராமத்தில், எந்தப் புல எண்ணில், கடைசியாகக் குத்தகை யார் பெயரில், எந்த ஆண்டு முடிந்தது, ஆழம் என்ன, ஜாமீன் தொகை எவ்வளவு, அது இப்பொழுது எங்கே இருக்கிறது என்ற ஜாபிதா ஒன்றை ஜில்லா அதிகாரிகள் தயாரித்துத் தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கிராம சபைகள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகின்றன. கடையநல்லூரைச் சுற்றியுள்ள கிராமத்தார் அடுத்த சபையில் இந்த ஜாபிதாவைக் கேட்டுத் தீர்மானம் போடட்டும். தங்கள் எல்லையில் உள்ள குழி எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்பதையும், அதில் வேலி இருக்கிறதா என்பதையும் தாங்களே நடந்துபோய்ப் பார்த்து எழுதிக்கொண்டு சபைக்கு வந்தால், அதிகாரிகளின் ஜாபிதாவோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.